திரும்பிச் சுற்றாத ஃபேன்

ராயபுரம், திருப்பூர்
4.11.2025

என் அன்பு அம்மாவுக்கு,

மதுமதி எழுதுகிறேன். நான் நலம். உங்கள் நலத்தை நினைத்துக்கொண்டேதான் தினமும் படுக்கிறேன்.

உங்கள் போன கடிதம் என் வகுப்புத் தோழி அக்ஷரா வீட்டுக்குப் பத்திரமாக வந்தது. அவள் அதை வகுப்பில் யாருக்கும் தெரியாமல் என் மடியில் போட்டாள். "பத்தாவது முடியற வரைக்கும் உங்கம்மா பேச்சே வேண்டாம் அம்மிணி" என்று அப்பா சொன்னதை மீறித்தான் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து, டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உள்ரூம் இப்போது என்னுடையது இல்லை அம்மா. ஆவணியில் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த விஜயகுமாரிக்கும் அவர் மகன் முகிலனுக்கும் அதைக் கொடுத்துவிட்டார்கள். முகிலனுக்கு ஐந்து வயது. அவனுக்கு வீசிங் இருக்கிறது. முன்ஹாலில் நாலு தையல் மெஷினும் ஓடும்போது பஞ்சு எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவு உள்ள அறை அது ஒன்றுதான். நான் ஹாலில், மடித்து வைத்த பனியன் பீஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இன்னொன்றுதான் பொறுக்க முடியவில்லை.

டாக்டர் அவனுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்றார். கடையில் விற்கும் மெஷின் விலையைக் கேட்டு வந்த அப்பா, தானே ஒன்று செய்வதாக உட்கார்ந்துவிட்டார். பனியன் கம்பெனி ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துப் போட்டார்கள். அதிலிருந்து நாலு ஃபேன் கொண்டுவந்தார். ஒரு மரப்பெட்டி, முன்பக்கம் ஃபில்டர், மேலே நாலு ஃபேன். ஃபேன் காற்றை ஃபில்டர் வழியாக உறிஞ்சி மேலே விட வேண்டும். அவ்வளவுதான்.

இதே பெட்டியைத்தான் நானும் அக்ஷராவும் ஆடி மாதம் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்தோம். அருள்செல்வன் சார் சொல்லிக்கொடுத்தார். வந்து பாருங்கள் என்று அப்பாவைக் கெஞ்சினேன். "ஆகட்டும் அம்மிணி, சரக்கு டெஸ்பேட்ச் போகோணும்" என்றார். வரவே இல்லை. இப்போது அவனுக்காக டெஸ்பேட்ச் நாளில்கூட ஸ்குரு டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் நாலு ஃபேனும் நன்றாகச் சுற்றின. ஆனால் காற்று பெட்டிக்குள்ளே போனது. மாட்டிய பக்கம் தப்பு. அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஃபேனுக்குப் போகும் சிவப்பு வயரையும் கருப்பு வயரையும் மாற்றிப் போட்டார். நம் ஓவர்லாக் மெஷின் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று பேஸ் வயரில் இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் அல்லவா? நம் தெருவில் அது தெரியாதவர் யார்? அப்பா அதையே இதிலும் செய்துவிட்டார். இது வேறு கரண்ட் அம்மா. சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். மாற்றிக் கொடுத்தால் இந்த ஃபேன் திரும்பிச் சுற்றாது, நின்றுவிடும். காற்று மறுபக்கம் போக வேண்டுமானால் ஸ்குருவைக் கழற்றி ஃபேனையே திருப்பி மாட்ட வேண்டும்.

நாலும் நின்றுவிட்டன. அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லட்டுமா அம்மா? சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் அன்பு மகள்,
மது

*

உடுமலைப்பேட்டை
8.11.2025

என் கண்ணு மதுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன் சாமி. நாற்றுப் பண்ணையில் இப்போது தக்காளி, கத்தரி நாற்றுக்கு ஆர்டர் அதிகம். மாமாவும் அத்தையும் உன்னைக் கேட்டார்கள். இங்கே வந்த பிறகு எனக்கு இருமல் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ பீஸ் மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறாய் என்று படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைமாட்டை வாசல் பக்கம் வைத்துக்கொள். பஞ்சு அந்தப் பக்கம் குறைவாக விழும். எனக்குத் தெரியும், நான் அங்கே படுத்தவள்.

அந்தப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். நான் பன்னிரண்டு வருஷம் அந்த ஹாலில் தைத்த பீஸ்களுக்குச் செக்கிங் பார்த்தேன் கண்ணு. ராத்திரி இருமி இருமி விலா எலும்பு வலிக்கும். உன் அப்பா புரண்டு படுத்துக்கொண்டு, "ரெண்டு வாழைப்பழமும் கொஞ்சம் கருப்பட்டியும் தின்னு. பஞ்செல்லாம் எறங்கீரும்" என்பார். மெஷினை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். வாடகை யார் கொடுப்பது என்றார். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்குத்தான் சண்டையாகி, நான் கிளம்பி, இத்தனையும் நடந்தது. எனக்காக ஒரு ஜன்னல்கூட அகலமாகவில்லை. இப்போது பெட்டி, ஃபில்டர், நாலு ஃபேன்.

படித்ததும் சிரிப்புதான் வந்தது. சிரித்தேன் என்று எழுதுகிறேன், நீ நம்பிக்கொள்.

அவர் கேட்காதவரை நீ சொல்லாதே. கேட்காத இடத்தில் போய் நிற்கிற பழக்கம் எனக்கு இருந்தது. உனக்கு வேண்டாம்.

அவள் உனக்கு என்ன சமைத்துக் கொடுக்கிறாள்? பச்சைப்பயறு கடைசலில் பூண்டு போட்டால் உனக்குப் பிடிக்காது என்று தெரியுமா அவளுக்கு? அவளை நீ என்னவென்று கூப்பிடுகிறாய்? எழுது. ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன்.

உன் அம்மா,
சித்ராதேவி

*

ராயபுரம்
13.11.2025

அன்பு அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி தலைமாட்டை வாசல் பக்கம் மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னபடி வாயையும் திறக்கவில்லை.

கேட்டீர்களே, அவரை நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்க" என்பேன். அவரும் என்னை "ஏங்கண்ணு" என்பார். பூண்டு போட்டார். நான் ஒதுக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து போடுவதில்லை. அதை நினைத்தால் இன்னும் கோபமாக வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம்.

பெட்டி அப்படியேதான் இருக்கிறது. நம் மெஷினில் தைக்கும் ராக்கையா அண்ணன், தூத்துக்குடிக்காரர், தெரியுமல்லவா, அவர் நேற்று அப்பாவை ஓட்டித் தீர்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, காத்தாடி உங்களக் கண்டு வெக்கப்படுதோ?"

"நீ பீஸைத் தைப்பா."

"தைக்கேன். ஒரு வாரமா பெட்டிக்கு முன்னால உக்காந்திருக்கிய. சூடம் காட்டிப் பாருங்க, சுத்தினாலும் சுத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா காது சிவந்துவிட்டது. அவர் தோற்றது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அம்மா. ஆனால் முகிலன் சிரிக்கவில்லை. அவன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேன் இறக்கையை விரலால் தள்ளித் தள்ளிச் சுற்ற வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "அக்கா, இது எப்பச் சுத்தும்?" என்று கேட்டான். "எனக்கெப்படித் தெரியும், உங்கப்பாவைக் கேளு" என்றேன். உங்கப்பா என்று சொன்னேன். சொன்னபின் பாத்ரூமில் போய் அழுதேன். அவர் என் அப்பா அல்லவா?

இன்னொன்று. இதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன். ஃபேனைத் திருப்பிச் சுற்ற வைக்க அடாப்டருக்கு வலு போதவில்லை என்று அப்பா நினைக்கிறார். "கம்பெனியில லைட்டுக்குப் போட்ட இருபத்திநாலு வோல்ட் ஒண்ணு கெடக்குது. அதை மாட்டுனா நெம்ப ஜோராச் சுத்தும்" என்றார். இவை பன்னிரண்டு வோல்ட் ஃபேன்கள். இரண்டு மடங்கு கொடுத்தால் என்ன ஆகும் சார் என்று, வீட்டில் நடப்பதாகச் சொல்லாமல், அருள்செல்வன் சாரிடம் கேட்டேன். "கருகும். பக்கத்துல பஞ்சு இருந்தா அதுவும் சேந்து பத்தும்" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிடட்டுமா? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
மது

*

உடுமலைப்பேட்டை
15.11.2025

கண்ணு மது,

அந்த இருபத்திநாலு வோல்ட்டை மாட்டவே கூடாது என்று இப்போதே சொல். சார் சொன்னார் என்று சொல். நீ அந்த ஹாலில்தானே படுக்கிறாய்!

மற்றதைச் சொல்லாதே. அந்தப் பெட்டி ஓடாமலே கிடக்கட்டும்.

உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பெட்டி ஓடவில்லை என்றால் அவள் எத்தனை நாள் அந்தப் பஞ்சுக்குள் பிள்ளையை வைத்திருப்பாள்? நான் என் உடம்புக்காகக் கிளம்பினேன். அவள் பிள்ளைக்காகக் கிளம்புவாள். கிளம்பட்டும். அந்த வீட்டில் யாராலும் இருக்க முடியாது என்று அப்போதாவது உன் அப்பாவுக்கு உறைக்கட்டும். உள்ரூமும் உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

நீ என் பிள்ளை. நான் சொன்னால் கேட்பாய்.

அம்மா

*

ராயபுரம்
22.11.2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அன்றைக்கே அப்பாவிடம், "இருபத்திநாலு வோல்ட் போட்டா தீப்பிடிச்சுக்கும்னு எங்க சார் சொன்னாருங்க" என்றேன். "அப்படியா?" என்று அதை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்பார் என நின்றுகொண்டே இருந்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டேன்.

புதன்கிழமை வெள்ளைத் துணி ஆர்டர். கட்டிங் வேஸ்ட் துண்டும் பஞ்சும் ஹால் முழுக்கக் கிடந்தன. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முகிலன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது. விசில் மாதிரி சத்தம். இன்ஹேலர் அடித்தும் நிற்கவில்லை. அவன் அழவில்லை அம்மா. அழுவதற்கு அவனிடம் காற்று இல்லை. என்னைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

அப்பா வண்டியை எடுத்தார். விஜயகுமாரி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. ராக்கையா அண்ணன் எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு, "நீ உள்ள போயி இரு பிள்ளே" என்றார். வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

நான் உள்ரூமுக்குப் போனேன். பெட்டியைக் கவிழ்த்தேன். நாலு ஃபேனையும் கழற்றினேன். ஃபேனின் ஓரத்தில் காற்று போகும் பக்கத்தைக் காட்டும் சின்ன அம்புக்குறி இருக்கும். நாலு அம்பும் மேலே பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். நாலு சிவப்பையும் ஒன்றாக முறுக்கி அடாப்டரின் பிளஸ்ஸில் சேர்த்தேன். நாலு கருப்பையும் மைனஸில் சேர்த்தேன். மஞ்சள் வயர் வேகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கு, இங்கே தேவையில்லை. அதைத் தனியாக டேப் சுற்றி மடித்துவிட்டேன். பழைய பன்னிரண்டு வோல்ட் அடாப்டரே போதும். நாலு ஃபேனும் சேர்ந்தால்கூட ஒரு ஆம்பியர் வராது, அது இரண்டு ஆம்பியர் தரும். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஸ்விட்சைப் போட்டேன். நாலும் சுற்றின. ஃபில்டர் பக்கம் ஒரு நூலைக் காட்டினேன். ஒட்டிக்கொண்டது.

அரை மணி நேர வேலை. அதை நான் இரண்டு வாரம் செய்யாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, இரவு எட்டரைக்கு அழைத்து வந்தார்கள். அப்பா உள்ரூம் வாசலில் நின்றுவிட்டார்.

"யாரு பண்ணுனது?"

"நானுங்க."

"உனக்கு இது எங்கீருந்து தெரியும்?"

"கண்காட்சிக்குச் செஞ்சேனுங்க. வாங்கன்னு கூப்பிட்டேனுங்க."

அவர் குனிந்து ஃபேனுக்கு மேலே கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் கேட்டார் அம்மா. நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார்.

"தெரிஞ்சுமா இத்தன நாளாச் சொல்லாம இருந்த?"

"நீங்க கேக்கலீங்களே" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அவன் அஞ்சு வயசுப் பையன் அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை.

விஜயகுமாரி சித்தி பையனைப் படுக்க வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். கால் எல்லாம் மண். நான் காப்பி வைத்துக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றார். "வேற எங்காச்சும் போயிரலாமுன்னு உங்கப்பாகிட்டச் சொன்னேங்கண்ணு. அவரு முடியாதுங்கறாரு. நானு மட்டும் எங்க போவேன்? காங்கேயத்துல எங்கண்ணன் ஊட்டுல எனக்குக் கதவச் சாத்தி ரெண்டு வருசமாச்சு" என்றார். உங்களுக்கு மாமா வீடு இருந்தது அம்மா. அவருக்கு அதுவும் இல்லை. அவர் கிளம்ப மாட்டார்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பெட்டி ஓடுகிறது என்று அப்பா அவன் தலையைத்தான் தடவினார், என் தலையை அல்ல. முகிலன் ராக்கையா அண்ணனைக் கூட்டிவந்து, "இது அக்கா பண்ணுனது" என்று காட்டினான். அப்போதுகூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உங்களுக்கு இதை யாராவது செய்திருந்தால் நீங்கள் இங்கே இருந்திருப்பீர்கள். அதை நினைத்தால் அந்தப் பெட்டியை உடைக்கலாம் போல இருக்கிறது. ஆனால் உடைக்க மாட்டேன். அந்தச் சத்தம், அந்த விசில் சத்தம், அதை நீங்கள் கேட்டிருந்தால் நீங்களும் மாட்டீர்கள்.

அம்மா, நீங்கள் என்ன சொன்னாலும் நான் கேட்பேன். இதை மட்டும் இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள். சொன்னால் நான் கேட்டுவிடுவேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

கோபமா? கோபம் என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
மது

*

உடுமலைப்பேட்டை
6.12.2025

மதுவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அத்தை, "பிள்ளைக்கு எழுதலையா?" என்று கேட்டதற்குப் பேனா எழுதவில்லை என்றேன். கோபம்தான். நீ அங்கே, நான் இங்கே. ஆனாலும் இரண்டு வாரமாக உன்னோடு பேசாமல் இருப்பது போலவே நடமாடிக்கொண்டிருந்தேன்.

அவளைச் சித்தி என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கே தெரியவில்லை போலிருக்கிறது. அவளுக்குக் காப்பி வைத்துக் கொடுத்ததை எழுதாமல் விட்டிருக்கலாம். நீ காப்பி வைக்கப் பழகியபோது முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தாய். சர்க்கரையே போடவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தேன்.

அப்பா கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருக்கலாம் கண்ணு. எனக்காக நீ ஏன் அந்தப் பேச்சை வாங்க வேண்டும்? அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீ கேட்டுக்கொண்டதை இனி ஒரு நாளும் மீற மாட்டேன். உன்னைப் பொய்க்காரியாக நிற்க வைக்கும் எதையும் உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன். வெள்ளைத் துணி ஓடும் நாளில் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை உள்ரூமில் வைத்துத் தட்டாதீர்கள். தெருவுக்குக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தட்ட வேண்டும். நீ தட்டாதே, உன் அப்பாவைத் தட்டச் சொல். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடச் சொல். சுவர் ஓரம் பஞ்சு உருண்டு கிடக்கும், நான் அங்கே பெருக்கியவள். நீயும் பாயை எடுத்துக்கொண்டு அந்த ரூமிலேயே படு. நாலு ஃபேன் சுற்றுகிற அறையில் ஒரு பெண்ணுக்குமா காற்று இருக்காது? கேட்டால் நான் சொன்னேன் என்றே சொல், நாம் எழுதிக்கொள்வது தெரிந்தால் தெரியட்டும்.

பரீட்சைக்கு நன்றாகப் படி. பூண்டை ஒதுக்காதே, உடம்புக்கு நல்லது.

அன்புடன்,
அம்மா

அந்தப் பையனுக்கு இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுது. மறக்காமல் எழுது. நான் கேட்டேன் என்று அவளிடம் மட்டும் சொல்லாதே.